இடியக்காவின் இரண்டு குரல்

ஏறும்போது தன் வசனம், இறங்கும்போது எதிராளியின் வசனம். லிப்ட் இருந்தும் அவர் நான்கு மாடியும் படியில்தான் ஏறுவார். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் நாலாய் மடித்த நாடக வசனத்தாள். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நிற்கும்போது கதையும் சரியான கட்டத்தில் நின்றுவிடும். அங்கே குடியிருக்கும் தையல்காரர் கதவைத் திறந்து, "நேத்து மருமகள வெளிய போகச் சொன்னீங்களே, போயிட்டாளா?" என்பார்.

"எங்க போனா? இன்னைக்கு அவ என்னைப் போகச் சொல்றா. எறங்கும்போது கேளுங்க, அவ பக்க நியாயமும் தெரியும்."

நாடகக்காரர்கள் எல்லோருக்கும் அவர் இடியக்கா. காரணம் தேட வேண்டாம். "சாப்பிட்டியா?" என்று ஒருவரைக் கேட்டால் அடுத்த அறையில் இருப்பவரும் "ஆச்சுக்கா" என்பார். சின்ன வயதில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. மறுமுனையில் இருப்பவர்கள், "சார், ஒரு நம்பர் வேணும் சார்" என்பார்களாம். "திருத்தவே மாட்டேன். சாருக்குன்னா குரல்ல ஒரு பணிவு வருது பாருங்க, அதை ஏன் கெடுக்கணும்?" என்கிறார்.

மேடைக்கு அவர் வந்தது பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து. அலுவலக நாடகமொன்றில், மறந்துபோகிறவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் பொறுப்பு அவருடையது. மெதுவாகத்தான் எடுத்துக்கொடுத்தார். ஆனாலும் கடைசி வரிசைவரை ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை கேட்டது. முதல் தடவை கேட்டதே நன்றாகவும் இருந்தது. பார்க்க வந்திருந்த நாடகக் குழுத் தலைவர், "ஒண்ணு, அந்தப் பொண்ண மேடையில ஏத்துங்க. இல்ல, அவ வாயைக் கட்டுங்க" என்றார். ஏற்றினார்கள். ராணி, வக்கீல், கொலைகாரி, குழந்தைகள் நாடகத்தில் முதலை. மைக் செத்துப்போன அரங்குகளில் அவர் ஒருவரே நாடகத்தைக் கரை சேர்த்ததுண்டு. அவர் மேல் விளக்கடித்தவரே பின்னாளில் கணவரானார். "வெளிச்சம் போட வந்த மனுஷன், வீட்டுல விளக்கை அணைன்னு என்கிட்டயே சண்டை போடுறார்" என்பது அக்காவின் நிரந்தரப் புகார்.

சினிமா அவரை முகத்துக்காகக் கூப்பிட்டது. லேசாகத் தொங்கிய இமையும் எதையோ பொறுத்துக்கொண்டிருப்பது போன்ற உதடும் காமிராவுக்குப் பிடித்துவிட்டன. குரல்தான் பிடிக்கவில்லை. "மூஞ்சி அம்மா, குரல் லாரி" என்றார் முதல் படத் தயாரிப்பாளர், அவர் காதுபடவே. பின்னணி பேசும் பெண்மணி ஒருவரை அழைத்துவந்தார்கள். சன்னமான, ஈரமான குரல். அன்றிலிருந்து திரையில் இடியக்கா வாயசைப்பார். அந்தப் பெண்மணி அழுவார். படங்கள் வந்துகொண்டே இருந்தன.

ரயிலில் யாராவது, "படத்துல குரல் இனிமையா இருக்குமே, சளி பிடிச்சிருக்காம்மா?" என்று விசாரித்தால் அக்கா கோபப்பட மாட்டார். "அது வேற ஒருத்தி குரல். நல்லவ. நீங்க பாராட்டினீங்கன்னு சொல்லிடறேன்" என்பார். சொல்லவும் செய்வார். இருவரும் அத்தனை நெருக்கம். படம் வெளியானால் ஒன்றாகப் போய்ப் பார்ப்பார்கள். அக்கா அவரை அறிமுகப்படுத்துவது, "இவதான் என் தொண்டை." மனதில் ஒன்றும் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "இல்லாம இருக்குமா? மேடை இருக்கிறதால தாங்கினேன். என் குரல் எங்க போகும்? அங்கதான் இருக்கு."

போன வருடம் ஒரு படத்தில் கொலைகாரனின் அம்மா வேடம். கோர்ட்டில் மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். படப்பிடிப்பின்போது பதிவாகும் நடிகரின் சொந்தக் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே அதன்மேல் பின்னணி பேசுவதுதான் வழக்கம். ஒலிக்கூடத்தில் பின்னணி பேச வந்த தோழி அந்தக் காட்சியைக் கேட்டார். "ஆமாங்கய்யா. அவன்தான் செஞ்சான். என் புள்ளைதான்." கூரையைப் பெயர்க்கும் அந்தக் குரல், மணல்மேல் பாரவண்டி நகர்வதுபோல அடங்கி வந்திருந்தது. இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதுக்கு மேல நான் பேச என்ன இருக்கு? அக்காவே பேசட்டும்."

இயக்குநர் கெஞ்சினார், பிறகு கோபித்தார். வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்றார். "போடுங்க. ஆனா அவளுக்கும் இதைப் போட்டுக் காட்டிட்டுப் பேசச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தோழி நேராக அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கையில் இருந்த வேலையை விட்டுவந்தவருக்கு அக்கா முதலில் சாப்பாடு போட்டார்.

மறுநாள் அக்காவே ஒலிக்கூடத்துக்குப் போனார்.

"ஜனங்க சிரிப்பாங்கம்மா. இத்தனை வருஷம் வேற குரல் கேட்டுப் பழகினவங்க" என்றார் இயக்குநர்.

"முதல்ல சிரிப்பாங்க தம்பி. சிரிக்கட்டும். கோர்ட்டு சீன்ல யாராவது சிரிச்சா அடுத்த படத்துக்கு நீங்க யாரை வேணாப் போட்டுக்குங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் அரை மனதாக ஒப்புக்கொண்டதாக இயக்குநரே பின்பு சொன்னார்.

படம் வெளியான அன்று, அக்கா, தோழி, நான் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். முதல் வசனத்துக்கு அரங்கில் சலசலப்பு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தோழி இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். அக்கா கால்மேல் கால் போட்டுச் சாய்ந்துகொண்டார். கோர்ட்டுக் காட்சி இடைவேளைக்கு முன்னால் வந்தது. "என் புள்ளைதான்" என்றதும் அரங்கில் இருமல்கூட இல்லை. ஒரு பெண் மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

விளக்குகள் எரிந்தன. பின் வரிசையில் ஒருவர் தன் மனைவியிடம், "அந்தம்மாவுக்கு யாரோ புதுசா பேசியிருக்காங்க. யாருன்னு தெரியலையே" என்றார்.

இடியக்கா எழுந்து பின்பக்கம் திரும்பினார். படத்தில் இல்லாத மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தோழியிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்வரை முகத்தைக் காட்டியபடி நின்று, பிறகு "நான்தாங்கய்யா" என்றார்.