பாய் கடையைவிட உயர்ந்த ரோடு

எண்பதுகளின் நடுவில் செஞ்சியில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்தேன். சிங்கவரம் போகும் ரோட்டோரம் முஸ்லிம் பாய் ஒருவர் பஞ்சு மெத்தை தைத்து விற்றுவந்தார். நான் வேலைக்கு வந்த புதிதில் அந்தக் கடைக்கு இரண்டு படி ஏற வேண்டும். அப்புறம் இரண்டு தடவை பழைய ரோட்டின் மேலேயே ஜல்லி பரப்பித் தார் போட்டோம். தடவைக்கு ஒரு படி ரோட்டுக்குள் போயிற்று.

மூன்றாம் தடவை வேலை வந்ததும் பாய் என் சைக்கிளை மறித்தார்.

"இன்னா சார், திரும்பவும் ஒசத்தப் போறீங்களா? மழை பேஞ்சா தண்ணி நேரா பஞ்சுல வந்து நிக்கும்."

"இந்த வாட்டி பழசைக் கொத்தி எடுத்துட்டுத்தான் போடுவேன் பாய். கவலைப்படாதீங்க."

வாய்ச்சவடால் இல்லை. பழைய ரோட்டைக் கொத்தி, அதே ஜல்லியைச் சலித்து, குறைவதற்கு மட்டும் புதுசு சேர்த்துப் பரப்பினால் மட்டம் ஏறாது. மலையை உடைத்து லோடு லோடாகப் புது ஜல்லி கொண்டுவரவும் வேண்டாம். என் கேங் ஆட்களுக்கு அது தெரிந்த வேலைதான். நாள்தான் கூடப் பிடிக்கும்.

என் மேலதிகாரி ஏ.இ. ஒப்பவில்லை. "அடுத்த வாரம் மந்திரி வர்றாருய்யா. ரோட்டைக் கொத்திப் போட்டுக்கினு உக்காந்திருப்பியா? மேலயே போடு."

"பாய் கடை பள்ளமாயிடும் சார்."

"நீ ரோட்டுக்கு வேலை பாக்குறியா, கடைக்கு வேலை பாக்குறியா?"

சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு நான் மனுப் போட்டிருந்த நேரம் அது. அந்த மனு அவர் கையெழுத்தோடுதான் மேலே போக வேண்டும். வாயை மூடிக்கொண்டு மேலேயே போட்டேன். கடை வாசலில் ரோலர் ஓடியபோது பாய் முகத்தைப் பார்க்கத் துணிச்சலில்லாமல் தார் டிரம் பக்கம் போய் நின்றேன்.

மந்திரி வந்தார், போனார். "கேம்பர் பிரமாதம்யா" என்று, தண்ணீர் இரண்டு ஓரமும் வடிய நடுவில் மேடு வைத்திருந்ததைப் பாராட்டி ஏ.இ. என் தோளில் தட்டினார்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. போய்ப் பார்த்தேன். கடைக்குள் கணுக்கால் முழுகத் தண்ணீர். மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணத்துக்காகத் தைத்து அடுக்கியிருந்த மெத்தைகள் ஊறிக் கிடந்தன. பாயும் அவர் மனைவியும் ஒரு மெத்தையைத் தூக்கப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வெளியே வந்து ரோட்டைப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க சார். ரோட்டு மேல ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல."

ரோட்டு மட்டம் எடுக்கும்போதே இரண்டு பக்கத்து வாசல் மட்டத்தையும் எடுத்து ஃபைலில் எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் எந்த ஏ.இ.யும் அதை லேசில் தாண்ட முடியாது. அதற்கப்புறம் வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் எழுதினேன். செஞ்சியில் எழுதவில்லை.