அங்குலம் பிசகாத வீடு

எங்க கல்லியில, அதான் எங்க சந்துல, மன்சூர் அலி பாயைத் தெரியாதவங்க கிடையாது. தெரியாம இருக்க அவரு விடவும் மாட்டாரு. "என் வீடு புத்தகத்துல வந்திருக்கு, பாத்தியளா?"ன்னு பால்காரன்கிட்டகூடக் கேப்பாரு. பால்காரன் யுபிக்காரன். தமிழும் தெரியாது, புத்தகமும் தெரியாது. "அச்சா பாய்"ன்னுட்டுப் போயிருவான்.

நான் கலைச்செல்வி, அடுத்த ரூம்காரி. இட்லி மாவு அரைச்சு விக்கேன். பாய் வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே செவரு. அவரு தும்முனா எங்க வீட்டுல டம்ளர் ஆடும். அதனால இந்தக் கதையைச் சொல்ல என்னைவிட்டா வேற ஆளு இல்ல.

பாய் சின்ன வயசுலயே மேலப்பாளையத்துல இருந்து தாராவிக்கு வந்தவரு. தோல் பை தைக்கிற தொழில். ஒரு தகர ரூமை வாங்கி, கையில காசு வந்தப்பல்லாம் செங்கல் வச்சாரு. அப்புறம் மேல ஒரு மாலா, அதான் மாடி ரூம், போட்டாரு. கீழ பட்டறை, மேல குடும்பம். மேல ஏறுறதுக்கு, ஏதோ குடோன்ல கழிச்சுப்போட்ட இரும்பு ஏணியைக் கொண்டாந்து வெளிச்செவத்துல நட்டமா நிறுத்தி வெல்டிங் வச்சாரு. பிடிச்சுக்க ஒரு நைலான் கயிறு. அந்த ஏணியை அவரு வையாத நாள் கிடையாது. "சனியன், என் முட்டியைத் தின்னுட்டு"ன்னு ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம்.

அப்படி ஒழுங்கா இருந்த மனுஷனைக் கெடுத்தது வெங்கடேஷ் சார். மாட்டுங்காக்காரரு. கட்டடக்கலை காலேஜ்ல வாத்தியாரு. ஒருநாள் பிள்ளைங்களைக் கூட்டிட்டு எங்க கல்லிக்குள்ள வந்தவரு, ஏணியைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு.

"பாருங்கோ பாய், இதை ஏணின்னு சொல்லப்படாது. இது வழியா உங்க வீடு தெருவோட பேசிண்டிருக்கு. ஒரு ஜனங்களோட கலாச்சாரம் என்னன்னு அவா கட்டற வீடுதான் சொல்லும்."

பாய் வீட்டுக்காரி சுலைகா அக்கா அப்பத்தான் ஒரு கையில தண்ணிக்குடம், மறு கையில கயிறுன்னு ஏறிட்டிருந்தாவ. பாதி ஏணியில நின்னு திரும்பி, "எங்கிட்ட அது ஒருநாளும் மரியாதையாப் பேசுனதில்லையே சார்"ன்னாவ. சாருக்கு அதுவும் பிடிச்சுப் போச்சு. எழுதிக்கிட்டாரு.

அடுத்த வருஷம் சார் எழுதுன புத்தகம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க ஏணி, ஏணிக்குக் கீழ பாய். அன்னையிலருந்து அவருக்குக் கால் தரையில பாவல. அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான்னு சும்மாவா சொன்னாவ? சனியனா இருந்த ஏணி 'என் கட்டடக்கலை' ஆயிட்டு. ஒழுகுற தகரத்தைக்கூட மாத்த விடல. "ஒரு ஆணியை மாத்தக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு"ம்பாரு. அந்தச் சாரு லிஃப்ட் வச்ச பில்டிங்ல இருக்காரு. ஒருதரம் வர்றேன்னு சொல்லிட்டு வரல. ஏன்னு போன் போட்டுக் கேட்டா, லிஃப்ட் ரிப்பேராம், முட்டி வலியோட மூணு மாடி இறங்க முடியாதாம். படியில இறங்க முடியாதாம், கேட்டுக்கிடுங்க!

இந்தக் கூத்துக்கு நடுவுலதான் பாயோட மகன் சைஃபைக் கட்டிக்கிட்டு ஆஸியா வந்தா. வந்த வருஷமே உண்டானா. எட்டாம் மாசம், மழை நேரம். ஏணியில கால் வழுக்கி, கயித்தைப் பிடிச்சுத் தொங்கிட்டா. உள்ளங்கைத் தோலு உரிஞ்சு போச்சு. நான்தான் கீழ நின்னு தாங்கி இறக்குனேன். அதுக்கப்புறம் ஆஸியாவுக்கு ஏணியைப் பாத்தாலே பயம். கக்கூஸோ கல்லி முனையில. இறங்காம எப்படிப் போக? தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டா. வயித்துப் பிள்ளைக்காரி உதடு வெடிச்சுக் கிடக்கா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் புத்தகத்தை மாவோட சேத்து அரைச்சிருப்பேன். சனங்க விழாம ஏறி இறங்கத்தானே வீடு? அது கலாச்சாரம் இல்லாம வேற என்ன மண்ணு கலாச்சாரம்?

"உள்ளுக்குள்ள ஒரு மரப்படி போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"ன்னு சுலைகா அக்கா கெஞ்சுனாவ.

"இடம் எங்க இருக்கு? படி வச்சா மிஷினை என் தலையிலயா வைக்கது? அதுவும் எக்ஸிபிஷன் வர்ற நேரத்துல!"ன்னு பாய் எகிறுனாரு. சைஃப் ஒருதரம் வாயைத் திறந்து, வாப்பா முறைச்சதும் மூடிக்கிட்டான். அம்புட்டுதான் அவன் வீரம். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

எக்ஸிபிஷன்னா, பாய் வீட்டை அப்படியே பிளைவுட்ல செஞ்சு டவுன்ல கோட்டை ஏரியாப் பக்கம் ஒரு பெரிய ஹால்ல வைக்கப் போறாங்களாம். காலேஜ் பிள்ளைங்க டேப்போட வந்து, அடுப்பு மேடையில இருந்து அலமாரி வரைக்கும் அளந்துட்டுப் போச்சுங்க. "அங்குலம் பிசகாது, கேட்டியா?"ன்னு பாய் கல்லி முழுக்கத் தண்டோரா போட்டாரு. திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோட வரணும்னு கார் அனுப்புனாங்க. ஆஸியாவைக் கயித்தைப் பிடிக்கவச்சு, ஒவ்வொரு காலா நானும் அக்காவும் எடுத்துவச்சு இறக்குனோம். துணைக்குன்னு நானும் கார்ல ஏறிக்கிட்டேன்.

அங்க போய்ப் பாத்தா, சத்தியமா எங்க கல்லிதான். அதே நீலச் செவரு, அதே தண்ணி டிரம், வாசல்ல பழைய செருப்பு, உள்ள தையல் மிஷின். ஏணியும் வெளிச்செவத்துல இருந்தது. ஆனா குறுக்க ஒரு சிவப்புக் கயிறு, 'ஏறக்கூடாது'ன்னு போர்டு. உள்ள போனா அழகா ஒரு மரப்படி, ரெண்டு பக்கமும் கைப்பிடி.

பாயே குழம்பிட்டாரு. "சார், இது எங்க வீட்டுல கிடையாதே?"

"என்ன பாய் பண்றது? வர்றவா ஏணியில ஏறி விழுந்து வெச்சா? வயசானவா வருவா, குழந்தைகள் வரும். ஹால்காரா ஒத்துக்கவே மாட்டேன்னுட்டா."

ஆஸியா அதைக் கேட்டா. கைப்பிடியைப் பிடிச்சு, ஒவ்வொரு படியா, நிமிந்து ஏறுனா. அந்தப் பிள்ளை நிமிந்து மாடி ஏறுறதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். மேல போயி மாலாவுல சம்மணம் போட்டு உக்காந்துட்டா.

"ஆஸியா, போதும்மா, இறங்கி வா"ன்னாரு பாய்.

"நான் வரல மாமா. இங்கன படி இருக்கு. அந்தா கக்கூஸ் இருக்கு, தண்ணியும் வருது. பிள்ளை பொறக்குற வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கிடுதேன்."

வந்திருந்த பெரிய மனுஷங்க இதையும் நாடகம்னு நினைச்சுக் கை தட்டுனாங்க. போன்ல படம் எடுத்தாங்க. சுலைகா அக்கா செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு மேல போயி மருமகள் பக்கத்துல உக்காந்தாவ. நான் சும்மா இருப்பேனா? நானும் போனேன். வெங்கடேஷ் சார் கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "அம்மா, ஹாலை மூடணும்மா"ன்னு கெஞ்சுதாரு.

பாய்க்கு வேர்த்துக் கொட்டிட்டு. குரலைத் தாழ்த்தி, "எம்மா, நம்ம வீட்டுல படிக்கு இடம் எங்கம்மா இருக்கு?"ன்னாரு.

ஆஸியா மேல இருந்தே கையை நீட்டுனா. "அங்குலம் பிசகாம நம்ம வீடுன்னு நீங்கதானே மாமா சொன்னீய? அந்தா பாருங்க, படிக்குப் பக்கத்துலயே மிஷின் நிக்குதுல்லா?"

பாய் படியைப் பாத்தாரு, மிஷினைப் பாத்தாரு. அப்புறம் சாரைப் பாத்தாரு. சாரு செவத்தைப் பாத்தாரு. அந்தப் படியை அனுப்புறேன்னு சாரும், வீட்டுக்குள்ள வைக்கேன்னு பாயும் வாயால சொன்ன பிறகுதான் நாங்க இறங்குனோம்.

ஒரே வாரத்துல எக்ஸிபிஷன் முடிஞ்சதும் படி டெம்போவுல வந்து, கல்லிக்குள்ள தோள்ல வந்து, பாய் வீட்டுக்குள்ள கச்சிதமா உக்காந்தது. சாரு வந்து பாத்து, "போச்சு, வீட்டோட ஆத்மாவே போச்சு"ன்னு உச்சுக்கொட்டிட்டு, அந்தப் படியிலயே ஏறிப்போயி டீ குடிச்சாரு.

பாய் திருந்திட்டாருன்னா நினைக்கீய? இப்ப படியைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாரு. ஆஸியாவுக்கு வலி கண்ட அன்னைக்குக்கூட, காலேஜ் பிள்ளைங்க ரெண்டைக் கீழ்ப்படியில நிக்கவச்சு, "வீடுன்னா மனுஷங்களுக்குத் தக்கன மாறணும், அதான் கலாச்சாரம். இதை நான் அப்பவே யோசிச்சு..."ன்னு அளந்துக்கிட்டு நின்னாரு.

மேல இருந்து ஆஸியா கைப்பிடியைப் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, தன் கால்ல இறங்கி வந்தா.

"மாமா, படியை விட்டுத் தள்ளி நில்லுங்க. நான் போகணும்."