ஆலையில் யாரும் குடியில்லை

குத்தாலம் பக்கத்து நெல் ஆலையொன்றில் எடை மேடைக்கு நான் பொறுப்பு. என் எடையைத் தவிர மற்ற எல்லா எடையையும் ஒளிக்காமல் சொல்பவன்.

போன வருடம் என் மேசை முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். பதினைந்து வயதில் அப்பாவோடு ஒடிசாவிலிருந்து வந்தவள். பதினோரு வருடமாக எங்கள் களத்தில் அவித்த நெல்லைக் கிளறிக் காயவைக்கிறாள். ஆலைக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகைதான் வீடு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, அவளோடு பேசியதில்லை; எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

"அண்ணே, எனக்கு இந்தி வராது. தமிழ்லயே சொல்லுங்க."

போன மானத்தைத் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு, என்ன வேண்டும் என்றேன்.

"ஓட்டு. ஊர்லயும் இல்ல, இங்கயும் இல்ல. லிஸ்ட்ல பேரு வந்துட்டா, நம்மள யாரும் வெளியாளுன்னு சொல்ல முடியாதுல்ல?"

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிவத்தை நானே நிரப்பினேன். முகவரிக்கு ஆலையின் கதவு எண். அவள் ஒடியாவில் உருண்டை உருண்டையாகக் கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா, ஜாங்கிரி புழியிறியா?" என்றேன். சிரித்தாள்.

பத்து நாள் கழித்து, கையில் கோப்போடு ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"இங்க வெளிமாநிலத்துக்காரங்க யாரும் குடியிருக்காங்களா?"

லாரி எடைமேடையில் நின்றது. நான் நிமிரக்கூட இல்லை. பதிவில்லாமல் ஆட்களைத் தங்கவைத்திருப்பது தெரிந்தால் ஆலைக்கு அபராதம்; கோப்போடு யார் வந்தாலும் என்ன சொல்லவேண்டுமென்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி பாடம் எடுத்திருந்தார்.

"யாரும் இல்லைங்க சார். எல்லாம் வந்து போறவங்க."

எழுதிக்கொண்டு போனார். அதிகாரியைச் சமாளித்த பெருமையில் ஒரு டீ வேறு குடித்தேன்.

விண்ணப்பம் தள்ளுபடி என்று போனில் பார்த்தபோதுதான், அவர் அவளுடைய முகவரியைச் சரிபார்க்கத்தான் வந்தாரென்று உறைத்தது. அதற்குள் பெயர் சேர்க்கும் கெடு முடிந்திருந்தது. களத்துக்குப் போனேன்.

"நான்தாம்மா கெடுத்துட்டேன்."

"தெரியும்ணே. அன்னிக்கு இங்கதான் நின்னேன். காதுல விழுந்துச்சு."

"அப்பவே கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னா ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

தேர்தலன்று ஆலைக்கு விடுமுறை. அவள் வீட்டார் மட்டும் களத்தில் நெல் கிளறினார்கள்.

போன வாரம் புதிதாக ஒரு படிவம் நிரப்பி நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்தாள்; பேனாவை வாங்கவில்லை.

"வேணாம்ணே. நான் இங்க குடியிருக்கேன்னு இப்ப நீங்களே சொன்னா, மொதலாளி உங்களத்தான் வேலைய விட்டு அனுப்புவாரு."

அனுப்புவார்தான். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.