கட்டிக்கொடுத்த பெண்கள்

கொரியாவின் ஆந்தோங் ஊர் மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுநோய்க்கு ஆலோசனை சொல்பவள் பாங் இன்-சூக். வருகிறவர்களின் சொந்தபந்தங்களைக் கேட்டுக் கேட்டு, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு என்று தாளில் வரைவாள். பதினோரு வருடமாக அதே வேலை. "எங்க வீட்டை மட்டும் வரைஞ்சிடாதே தாயே!" என்று செவிலியர்கள் கேலி செய்வார்கள்.

போன வசந்தத்தில் தாக் கி-தே என்ற கிழவர் மகள் யோன்-ஹ்வாவோடு வந்தார். மகளுக்கு ஒரு மார்பில் புற்றுநோய். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று இன்-சூக் கேட்டதும், கிழவர் வம்சப் புத்தகத்தையே மேசையில் வைத்துவிட்டார்.

"எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கிடையாது."

அவளும் இல்லையென்று எழுதிக்கொண்டாள். அந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரிய வேண்டாமா? கட்டிக்கொடுத்த பெண்ணை அங்கே யார் வீட்டு ஆளாக எண்ணுகிறார்கள்?

இந்த வசந்தத்தில் மறு மார்பிலும் வந்தது. மரபணுச் சோதனையில், மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் தரும் குறை அப்பாவிடமிருந்து இறங்கியது என்று தெரிந்தது.

"ஐயா, உங்க கூடப் பொறந்த பொண்ணுங்க?"

"ரெண்டு தங்கச்சிங்க. ரெண்டு பேரும் நாப்பதைத் தாண்டல. வயித்துல கட்டி."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அவங்க கட்டிக்கொடுத்த பொண்ணுங்க, வேற வீட்டு ஆளுங்கம்மா. நீ எங்க வீட்டைத்தானே கேட்ட?"

அவர் சொன்னது சரிதான். இன்-சூக்குக்கு வெட்கமாக இருந்தது.

சின்னத் தங்கைக்கு ஒரு மகள், சூ-ரிம், போஹாங்கில் இருந்தாள். அவளைச் சோதித்துவிட்டால் நோய்க்கு முந்திக்கொள்ளலாம். ஆனால் இன்-சூக் தானாகக் கூப்பிடச் சட்டம் இடம் தராது.

"நீங்கதான் சொல்லணும் ஐயா. இப்பவே."

"அவ கல்யாணத்துக்கப்புறம் பேசினதே இல்ல. முதல் பேச்சே வியாதியா?"

"போடுங்கப்பா போனை!" என்று சீறினாள் யோன்-ஹ்வா. அவளே எண்ணைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். சூ-ரிமின் கணவன் எடுத்தான். கிழவர் தான் யாரென்று சொன்னார்.

"மாமா... அவ செத்துப் போய் ரெண்டு மாசமாச்சு. வயித்துலதான். நீங்க அம்மா வழி ஆளுங்க, அதான் சொல்லி அனுப்பல."

போன வருடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்! இன்-சூக் தாளில் சூ-ரிமின் வட்டத்தைக் கறுப்பாக்கினாள். கிழவர் போனை வைக்கவில்லை.

"குழந்தைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு. ஒன்பது வயசு."

"அவ பேரு என்னப்பா?" என்று கேட்கும்போதே கிழவருக்கு அழுகை வந்துவிட்டது.