தளபதியின் காயத்தை நான் பூசி மூடினேன்

போடிமெட்டு ரோட்டில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், கம்பிக் கூண்டுக்குள் தங்கப் பெயின்ட் அடித்த தளபதி சிலை ஒன்று இருக்கிறதல்லவா? அதைத் தாண்டும்போதெல்லாம் அப்பா ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று கேட்டீர்கள், பிள்ளைகளா. பார்த்தால் குமட்டுகிறது. அதை அப்படி ஆக்கியவன் நான்தான்.

முன்பு அங்கே கூண்டு கிடையாது. கம்பெனிப் படையோடு நம் பாளையத்து ஆட்கள் அந்த இடத்தில்தான் மோதினார்கள் என்பார்கள். தொடையில் குண்டு பாய்ந்தும் தளபதி நகரவில்லையாம். காலை நீட்டி உட்கார்ந்தபடியே ஆட்களை ஏவினாராம். சிலையையும் அப்படித்தான் செதுக்கியிருந்தார்கள். மடியில் வாள், நீட்டின கால், தொடையில் ஒரு குழி.

ஏலக்காட்டுக்குப் போகிற பெண்கள் காலையில் ஜீப்பை அங்கே நிறுத்தச் சொல்வார்கள். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் தேய்க்கிற புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்ததில், முதல் விரல் அந்தக் குழிக்கு. "காயத்தோட உக்காந்தவரு, நம்ம காலைப் பாத்துக்குவாரு" என்பாள் உங்கள் அம்மா. பிறகுதான் தங்கள் காலுக்கு. பூசிப் பூசிக் குழி கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும், நாற்றமும் அடிக்கும். எனக்கு ஒருநாளும் அது அருவருப்பாகப் படவில்லை.

ஊரில் விழாக் கமிட்டி ஒன்று கிளம்பியது. அதன் தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிலையைச் சுற்றி வந்தார்.

"என்னய்யா இது, சீழ் வடியிற மாதிரி. குழியை அடைச்சுப்புடு கொத்தனாரே. சுத்தி டைல்ஸை ஒட்டு."

"அண்ணே, அந்தக் காயத்துக்குத்தானே செலையே வச்சது" என்றேன்.

"புண்ணோட கெடக்கிறவனைப் பாத்தா நம்ம பயலுகளுக்கு என்ன ரோசம் வரும்? வெரசா சோலியைப் பாரு."

அவர் கட்டுகிற கட்டடத்துக்கெல்லாம் நான்தான் கொத்தனார். கல்யாண மண்டபம் ஒன்று வேறு பேச்சில் இருந்தது. குழியைச் சுரண்டிக் கழுவி, சிமென்ட்டை வைத்து அழுத்தி, தொடையை வழவழவென்று இழுத்துவிட்டேன். திறப்பு விழாவரை சிலையைப் படுதா போட்டு மூடியிருந்தார்கள்; வீட்டில் டைல்ஸ் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். சுற்றி ஒட்டியது அவர் வீட்டுக் குளியலறையில் மிஞ்சின நீல டைல்ஸ். மேலே தங்கப் பெயின்ட், யாரும் தொடாமலிருக்கக் கம்பிக் கூண்டு. கமிட்டிக்காரர்களின் பெயர்ப்பலகை தளபதியைவிடப் பெரிது. திறப்பு விழாவில் எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன்.

மறுநாள் காலையில் சாரம் கட்டின பலகைகளை எடுக்க அங்கே போயிருந்தேன். ஜீப்பு வந்து நின்றது. உங்கள் அம்மா இறங்கி, கம்பிக்குள் கையை விட்டுத் தொடையைத் தடவினாள். விரலில் எடுத்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

ஜீப்புக்குள்ளிருந்து ஒருத்தி சொன்னாள்: "ஏத்தா, ஒம் புருசன் பெரிய டாக்டருல்ல. எத்தனை தலைமுறைப் புண்ணு, ஒரே நாள்ல ஆத்திப்புட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

"நீங்களா மூடுனீங்க?"

"கமிட்டி சொன்னாங்க."

"கமிட்டியவா அட்டை கடிக்குது?"

விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் உளியும் சுத்தியலுமாகப் போய்க் கூண்டுக்குள் ஏறிக் குதித்தேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அடித்தேன். ஆனால் கலவையைக் கெட்டியாகப் போட்டிருந்தேன், அசையவில்லை. ஓங்கி அடித்ததில் பெயர்ந்தது கல்தான், முழங்காலுக்குக் கீழே ஒரு சில்லு. கமிட்டி வேறொரு கொத்தனாரைக் கூட்டிவந்து அதையும் பூசிப் பெயின்ட் அடித்தது. மண்டப வேலையும் அவனுக்கே போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது ஜீப்பு அங்கே நிற்பதில்லை. ஓடுகிற வண்டியிலேயே குனிந்து காலில் பூசிக்கொள்கிறார்கள். வளைவில் திரும்பும்போது பாதி சிந்திப்போகிறது. சாயங்காலம் உங்கள் அம்மா வாசலில் உட்கார்ந்து அட்டைக்கடியைக் கழுவுவாள். நான் தண்ணீர் மொண்டு ஊற்றுவேன். நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.