செவ்வாய்க்கிழமைக்கான விடைகள்

அவருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் வேறு, ஊர் வைத்த பெயர் வேறு. ஓட்டுநர் உரிமத் தேர்வில் முப்பத்தோரு வருஷம் எட்டுப் போடச் சொல்லி, நடுவில் காலை ஊன்றியவர்களை ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்பிய ஆய்வாளர் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் 'எட்டு சார்' என்பதே நிலைத்துவிட்டது. அவரிடம் தோற்றவர்கள் ஊரில் பாதிப் பேர். மீதிப் பேர் சைக்கிளில் போகிறவர்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு எழுபத்தொன்பதாவது வயதில் ஒரு பரீட்சை வந்து சேர்ந்தது.

"வீடு உங்க சொந்தச் சம்பாத்தியம். யாருக்கு வேணும்னாலும் உயில் எழுதலாம்" என்றார் வக்கீல். "ஆனா நாளைக்கு உங்க பையன், 'அப்பா புத்தி தெளிவா இல்லாதப்போ தங்கச்சி எழுதி வாங்கிட்டா'ன்னு வழக்குப் போட்டா? அதனால கையெழுத்துப் போடற அன்னைக்கே ஒரு டாக்டர் உங்களைக் கேள்வி கேட்டுப் பார்த்து, தெளிவா இருக்காருன்னு எழுதிக் கொடுக்கணும்."

வழக்குப் போடாமல் விடுவானா? அப்பாவின் மூக்குக் கண்ணாடி ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் கிடைத்த நாளிலிருந்து, மகன் சொந்தக்காரர்களிடமெல்லாம் "அப்பா முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளியூரிலிருந்து போன் செய்வான். எடுத்ததும் முதல் கேள்வி, "அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?" இரண்டாவது, "வீட்டை வித்துப் பிரிச்சுக்கலாமே, என்ன சொல்றீங்க?"

மகளுக்கு நாற்பத்தெட்டு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், அம்மா போன பிறகும் அப்பாவோடேயே தங்கிவிட்டாள். கல்யாணப் பேச்சு வந்துகொண்டிருந்தது, பிறகு வரவில்லை. வீட்டை விற்றால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

எனவே சார் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். டாக்டர்கள் வழக்கமாக என்ன கேட்பார்கள் என்று வக்கீலின் குமாஸ்தாவை நச்சரித்து, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். கிழமை, செவ்வாய். தேதி, பதினான்கு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. வீட்டை ஏன் மகளுக்கு? என்னைப் பராமரித்து வருவதால், அன்பின் பேரில்.

பல் தேய்க்கும்போதும் வாய் முணுமுணுத்தது.

"பாட்டு மாதிரி ஒப்பிக்காதீங்கப்பா" என்றாள் மகள். "கேட்டா பதில் சொல்லுங்க, போதும்."

"உனக்கென்ன தெரியும்? பரீட்சைல எப்படித் தோக்கறாங்கன்னு முப்பத்தோரு வருஷம் பார்த்தவன் நான்."

செவ்வாயன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வக்கீல் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஏதோ அவசரமாம், டாக்டர் வரவில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். நடுவிலிருந்த நாளில் சார் மறந்துவிடுமோ என்ற பயத்தில் நோட்டை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மறுபடி மறுபடி உருப்போட்டார். ஒரு எழுத்தையும் மாற்றாமல்.

வியாழக்கிழமை. மகள் உள்ளே இருக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டதால் வெளியே, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். எந்த அவசரமும் இல்லாதவள் போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமை, தாத்தா?"

"செவ்வாய்க்கிழமை. தேதி பதினாலு. தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு..."

கேட்காத கேள்விக்கெல்லாம் விடை வந்துகொண்டே இருந்தது. டாக்டரின் பேனா நின்றது. அந்தப் பேனாவை சாருக்கு நன்றாகத் தெரியும். எதிரே இருப்பவன் காலை ஊன்றியதும் அவருடைய பேனாவும் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கும். கண்ணாடிக்கு வெளியே மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"டாக்டரம்மா, இன்னைக்கு வியாழன்" என்றார். "நான் செவ்வாய்க்கு மனப்பாடம் பண்ணேன். நீங்க வரல. நாளைத் தள்ளி வெச்சாங்க, விடையைத் தள்ளி வெக்க எனக்குத் தோணல."

"எதைப் பார்த்து மனப்பாடம் பண்ணீங்க?"

பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். பிட் அடித்துப் பிடிபட்டவர் போலத்தான் இருந்தது. அவள் புரட்டிப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள், மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"சரி, இதுல இல்லாதது ஒண்ணு கேக்கறேன். வீடு ஏன் பையனுக்கு இல்ல?"

மகளுக்கு ஏன் என்றுதான் எழுதியிருந்தார். மகனுக்கு ஏன் இல்லை என்று எழுதவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அவன் கெட்டவன் இல்லம்மா. சொந்தமா வீடு இருக்கு, மருமகளும் சம்பாதிக்கறா. இவளுக்கு இந்த ரெண்டு ரூமை விட்டா வேற கதி இல்ல. பேங்க்ல இருக்கறது ஆளுக்குப் பாதி. என் காரை அவனுக்கு எழுதச் சொல்லியிருக்கேன்."

"அவருக்கு வருத்தமா இருக்காதா?"

"இருக்கும். என் மேல முன்னாடியே இருக்கு. பத்தொம்பது வயசுல தேர்வுக்கு வந்தான். நாந்தான் ஆய்வாளர். காலை ஊனிட்டான். மூணு தடவை ஃபெயில் பண்ணேன். நாலாவது தடவை அவன் வரல."

"மத்தவங்க காலை ஊனினாலும் ஃபெயில்தானே?"

"ஃபெயில்தான்." கைக்குட்டையை நாலாக மடித்தார். "ஆனா அவனை மட்டும் கொஞ்சம் கூடவே உத்துப் பார்த்தேன்."

டாக்டர் நெடுநேரம் எழுதினாள். அந்தத் தாளை வக்கீல் வாங்கி உரக்கப் படித்தார்: 'கிழமையைத் தவறாகச் சொன்னார். பின்னர் தாமே திருத்தி, காரணத்தையும் விளக்கினார். தம் சொத்து எது, உரிமை கோரக்கூடியவர்கள் யார், தாம் செய்வதன் விளைவு என்ன என்பதைத் தெளிவாக அறிந்திருக்கிறார்.'

"தப்பையும் சேர்த்து எழுதிட்டாங்களே!" என்று பதறினார் சார்.

"நூத்துக்கு நூறு வாங்கினாத்தான் சார் கோர்ட்ல சந்தேகப்படுவாங்க."

"இது எத்தனை வருஷத்துக்குச் செல்லும்? எப்ப புதுப்பிக்கணும்?"

"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் தாத்தா" என்றாள் டாக்டர். "நாளைக்கு நீங்க எப்படி இருப்பீங்கன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

அவ்வளவுதான், சார் எழுந்தேவிட்டார். அந்த ஒரு நாள் தீர்ந்துபோவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார். டாக்டரும் குமாஸ்தாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மகள் வீடு வரும் வரை அவர் கையை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமைடா! என்கிட்ட டாக்டர் சர்டிபிகேட்டே இருக்கு, தெரியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. துணி மடித்துக்கொண்டிருந்த மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எதுக்குப்பா சர்டிபிகேட்?"

'மறந்துபோச்சுடா' என்பது நுனி நாக்கு வரை வந்துவிட்டது. எவ்வளவு வசதியான பதில். ஆனால் அதைச் சொன்னால் தீர்ந்தது கதை, அதையே அவன் கோர்ட்டில் கொண்டுபோய் வைப்பான். புத்தி தெளிவாக இருப்பவனுக்குத் தப்பிக்கச் சந்து கிடையாது என்று சாருக்கு அப்போதுதான் புரிந்தது.

"உயில் எழுதினேன்டா. வீடு உன் தங்கச்சிக்கு. பேங்க்ல இருக்கறது ஆளுக்குப் பாதி. கார் உனக்கு."

மறுமுனையில் டிவி ஓடுவது மட்டும் கேட்டது. கத்துவான், வக்கீலைப் பார்க்கிறேன் என்பான் என்று சார் காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தார்.

"எனக்குத்தான் லைசென்ஸே இல்லையேப்பா."

நோட்டு டாக்டரிடமே தங்கிவிட்டது. அது கையில் இருந்திருந்தாலும் இதற்கு விடை இருந்திருக்காது. சார் போனைக் காதோடு ஒட்டிப் பிடித்தார்.

"இப்ப அங்க தேர்வு எடுக்கறது வேற ஆளுதான்டா" என்றார்.

மறுமுனையில் டிவி சத்தம் நின்றது. அவன் போனை வைக்கவில்லை.