விரலால் மூடிய எண்

ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே கலாவின் கை சில்லென்றிருந்தது. அவள் என் கல்லூரித் தோழி. பெங்களூரில் ஒரு பள்ளியில் இருந்த ஒரே கணக்கு டீச்சர் வேலைக்கு, மாதிரி வகுப்பு எடுக்க இருவருமே போய்க்கொண்டிருந்தோம்.

"நீ இன்னாடி எடுக்கப் போறே?" என்றாள்.

ஆசையாகச் சொன்னேன். 73939133 ஒரு பகா எண். கடைசி இலக்கத்தை விரலால் மூடினால் மிச்சமும் பகா எண். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தால், முடிவில் நிற்கும் 7 வரை எல்லாமே பகா எண்கள்தான். இந்தக் குணமுள்ள எண்களில் இதுவே பெரியது.

"ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு!" என்றாள்.

அவளைத்தான் முதலில் அழைத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் குரல் கேட்டது: "கடைசி நம்பரை விரலால மூடுங்க பாக்கலாம்." பிள்ளைகள் கைதட்டினார்கள்.

என் முறை வந்தபோது வேறு பாடம் யோசிக்க மூளை வேலை செய்யவில்லை. அதே எண்ணைப் பலகையில் எழுதினேன்.

"இப்பதானே அவங்க எடுத்தாங்க? வெளியே நின்னு கேட்டீங்களா?" என்றார் தலைமையாசிரியை.

பலகையை அழித்துவிட்டு வெளியே வந்தேன். அது என் யோசனை என்று இரண்டாவதாக வந்தவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

திரும்பும் ரயிலில் கலா ஜன்னலைப் பார்த்தபடியே, "பயத்துல வேற ஒண்ணும் தோணலடி, தப்பா நெனைக்காதே" என்றாள். வேலை அவளுக்கே கிடைத்தது.

வேலை கிடைக்காத வருத்தம் ஆறிவிட்டது. ஆனால் ஒரு எண்ணின் அழகைக் கண்டுபிடித்ததும் ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள். இப்போது யாரிடமும் சொல்வதில்லை.